மாயன் கோயில்: முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு துலுமா, அல்துன் ஹாவா?

கேள்வி (தலவாக்கலை)
டொரொண்டோவில் இருக்கும் தங்கச்சி, பெப்ரவரியில் அம்மாவையும் என்னையும் மயாமியிலிருந்து கப்பல் பயணம் கூட்டிப்போகிறாள். மெக்சிகோவின் கோசுமெலில் இறங்கினால் துலும், பெலிஸ் நாட்டின் பெலிஸ் சிட்டியில் இறங்கினால் அல்துன் ஹா. இரண்டும் மாயன் என்ற பழைய மத்திய அமெரிக்க மக்கள் கட்டிய கோயில்களின் இடிபாடுகள். இரண்டுக்கும் காசு கட்ட ஏலாது. அம்மா 32 வருஷம் கொழுந்தெடுத்தவர். முழங்கால் போய்விட்டது. கேட்டால், "சிவனொளிபாதத்துக்கு மூணு தரம் ஏறினவ நான்" என்பார். எது சரி?

பதில் (அட்டன்)
அண்ணே, நான் கப்பல் சமையலறையில் ஆறு வருஷம். இரண்டையும் பார்த்துவிட்டேன். கோசுமெல் ஒரு தீவு. துலும் போக முதலில் பிளாயா டெல் கார்மெனுக்குப் படகு, முக்கால் மணி நேரம். அலை அடித்தால் அட்டன் பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளில் வருமே, அதே குமட்டல். அப்புறம் பஸ் ஒரு மணி நேரம். போய்ச் சேர்ந்தாலும் ஏற விடமாட்டார்கள், நிழலும் குறைவு.

பெலிஸில் கடல் ஆழமில்லை, கப்பல் தள்ளி நிற்கும். சின்னப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அங்கிருந்து அல்துன் ஹா பஸ்ஸில் ஒரு மணி நேரம். சின்ன இடம்தான், இரண்டு புல் முற்றத்தைச் சுற்றிக் கோயில்கள். பெரிய கோயில் 50 அடிக்குக் கொஞ்சம் மேல், ஏறலாம். 1968இல் அதற்குள்ளிருந்த கல்லறையில் பச்சைக்கல்லில் செதுக்கிய சூரியக் கடவுளின் தலை கிடைத்தது. எடை 4.42 கிலோ. கொழுந்து நிறுத்த கைக்கு அது எவ்வளவு என்று அம்மாவுக்கே தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

அமெரிக்க விசாவையும் பாருங்கள். மயாமிக்குத் திரும்பி வருவது இன்னொரு நுழைவு, ஒரு தடவை விசா போதாது.

பதில் (பண்டாரவளை)
தம்பி சொன்னது சரி, ஆனாலும் துலுமை அப்படித் தள்ளிவிடாதீர்கள். மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் செங்குத்தாக இறங்கிக் கடல். மதில் மேல் உடும்பு மாதிரி இகுவானாக்கள் வெயில் காய்கின்றன. நான் செய்த முட்டாள்தனம், மலிவு என்று வெளி வேன் பிடித்தது. சாரதி வெள்ளி நகைக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டான். கப்பல்காரர் ஏற்பாடு செய்த பயணம் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், நம்முடையதற்கு நிற்காது. துறையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கரை நேரமும் கப்பல் நேரமும் வேறாக இருக்கலாம். கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள்.

கேட்டவர்
அல்துன் ஹா என்று முடிவு. அம்மாவிடம் சொன்னேன். "கோயில்னா செருப்ப எங்க விடுறது?" என்கிறார்.

அட்டன்
கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணே. கல் சுடும்.