அமுரோ ரே பொறுப்பான பையனா?

கடலோடி:
1979 ஏப்ரலில் தொடங்கி 43 பகுதிகள் வந்த ‘மொபைல் சூட் கன்டாம்’ ஜப்பானியத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அதன் நாயகன் அமுரோ ரேயை அழுமூஞ்சி, பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிடுகிறார்கள். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. முதல் பகுதியை நிதானமாகப் பாருங்கள். விண்வெளிக் குடியிருப்பான சைடு 7-ஐ பூமிக் கூட்டரசோடு போரிடும் ஜியோன் படையின் ஸாக்கு எனும் மனித வடிவப் போர் எந்திரங்கள் தாக்குகின்றன. 15 வயதுப் பையன் அமுரோ, கீழே கிடைத்த கையேட்டைப் புரட்டிக்கொண்டே கூட்டரசின் புதுப் போர் எந்திரமான கன்டாமுக்குள் ஏறுகிறான். முதல் ஸாக்குவை வெட்டியதும் அது வெடித்து, குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. அவன் அப்பாவே அதன் வழியாக விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். அது அவனுக்குத் தெரியாது. அடுத்த ஸாக்கு பாய்ந்து வருகிறது. இதுவும் வெடித்தால் குடியிருப்பு என்னாகும் என்றுதான் அவன் யோசிக்கிறான். எதிரி உட்கார்ந்திருக்கும் அறையை மட்டும் குறிபார்த்துக் குத்துகிறான். எந்திரம் வெடிக்காமல் நின்றுவிடுகிறது. பயிற்சியே இல்லாதவன், உயிர் போகிற நேரத்தில் மற்றவர்களை நினைக்கிறான். வேறென்ன வேண்டும்?

செம்மண்:
முதல் பகுதி சரி. 17-ஆம் பகுதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? தன்னை கன்டாமிலிருந்து இறக்கிவிடலாமா என்று கேப்டன் பிரைட்டும் கப்பலை ஓட்டும் மிராயும் பேசுவது அமுரோவின் காதில் விழுகிறது. உடனே கன்டாமையும் எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுகிறான். அவர்கள் இருக்கும் ஒயிட் பேஸ் போர்க்கப்பலில் மூன்று சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் கப்பலின் முக்கியமான ஆயுதத்தைக் கோபத்தில் தூக்கிக்கொண்டு போவது பொறுப்பா? திரும்பி வந்தபின் தனியறையில் அடைக்கிறார்கள். அங்கேயும் ‘கன்டாமை என்னைவிட நன்றாக ஓட்ட ஆள் இல்லை’ என்றுதான் கத்துகிறான். கூட இருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாழம்பூ:
நீங்கள் இருவருமே பையனைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். பெரியவர்களை யார் கேட்பது? 9-ஆம் பகுதியில் அமுரோ களைத்துப்போய், இனிமேல் ஏற மாட்டேன் என்று கிடக்கிறான். பிரைட் இரண்டு முறை அறைகிறான். அப்பாகூட என்னை அடித்ததில்லை என்கிறான் அமுரோ. கடைசியில் அவன் தோழி ஃபிராவ் போ ‘அப்படியென்றால் நானே போகிறேன்’ என்று கிளம்பிய பிறகுதான் எழுந்திருக்கிறான். அந்தப் பிரைட்டுக்கும் 19 வயதுதான்! முந்தைய கேப்டன் காயம்பட்டு இறந்ததால் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. ஒரு பையன் இன்னொரு பையனை அடித்துச் சண்டைக்கு அனுப்புகிறான். இதைப் பொறுப்பு என்று புகழ்ந்தால், பிள்ளைகளைப் போருக்கு இழுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 13-ஆம் பகுதியில் அம்மாவின் கண்ணெதிரே எதிரி வீரனைச் சுடுகிறானே, அப்போது அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.

கடலோடி:
தாழம்பூ, நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பெரியவர்கள் தவறிவிட்டார்கள் என்பதால் பையன் செய்தது இல்லாமல் போய்விடாது. அவன் பொறுப்பை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

செம்மண்:
அப்புறம் அதே கப்பலில் இருந்த ரியூ? காயத்தோடு படுத்திருந்தவன், அமுரோவைக் காப்பாற்றக் கோர் ஃபைட்டர் என்ற சின்னப் போர் விமானத்தில் ஏறிப்போய், எதிரிப் படையைச் சேர்ந்த ஹமோனின் வண்டியில் மோதி இறக்கிறான். அந்தச் சாவுக்குப் பிறகு வரும் அமுரோவைப் பொறுப்பானவன் என்று நான் ஒத்துக்கொள்வேன். அதற்கு முந்தைய அமுரோவை மாட்டேன். பெரிய விலை கொடுத்து வந்த பொறுப்பு அது.

தாழம்பூ:
விலையைக் கொடுத்தது ரியூ. அவனும் சின்ன வயசுக்காரன்தான்.

கடலோடி:
ஆமாம். அதனால் கூட்டரசுப் படையின் ஜாபுரோ தலைமையகத்தில் நடப்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அங்கேதான் இந்தப் பிள்ளைகளுக்கு முறைப்படி ராணுவப் பதவி தருகிறார்கள். இறந்த ரியூவுக்கு இரண்டு படி உயர்வு என்று அதிகாரி அறிவித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பார்க்கிறார். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதானா என்று கேட்டது அமுரோ ஒருவன்தான். கேட்டதற்கு அடி வாங்குகிறான். செம்மண், கன்டாமோடு ஓடிப்போனது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.