அம்மாவின் அடையாள அட்டை நகல் திருட்டு: யார் பொறுப்பு?
வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். போன வருடம் அம்மாவுக்கு ஃபியூனரல் பாலிசி (இறுதிச்சடங்குச் செலவுக்கான காப்பீடு) எடுக்க அடையாள அட்டை நகல் கொடுத்தோம். அம்மாவின் கட்டைவிரல் ஓரத்தில் தெரிகிற, சற்றே கோணலான ஸ்கேன். போன வாரம் ஒரு துணிக்கடையில் இருந்து கடன் பாக்கி என்று எஸ்எம்எஸ். விசாரித்தால், அதே கட்டைவிரல் ஸ்கேனைக் காட்டிக் கணக்குத் திறந்திருக்கிறார்கள்! அம்மா அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை.

பாலிசி கம்பெனியோ, "திருட்டு எங்களிடம் இல்லை, தகவலைச் சேமித்துவைத்த கம்ப்யூட்டர் நிறுவனத்தில்தான் நடந்தது" என்று கைகழுவுகிறது. எனக்கென்னவோ இது சாக்காகத்தான் படுகிறது. 2013-இல் இயற்றிய போபியா (தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டப்படி, தகவலை எதற்காக வாங்குவது என்று தீர்மானிப்பவர்தான் பொறுப்பாளி. சேமித்துவைப்பவர் அவருக்காக வேலை செய்பவர். கசிவு தெரிந்ததும் கூடிய சீக்கிரம் நமக்கும் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் பொறுப்பாளி சொல்லியாக வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. எங்களுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கியாயிற்று. அப்புறம் என்ன செய்வது? 99-ஆம் பிரிவில், அலட்சியத்தை நிரூபிக்காமலே நஷ்டஈடு கேட்கலாமாம். அப்படி வழக்குப் போட்டவர்கள் இங்கே யாராவது உண்டா? வக்கீல் செலவு எவ்வளவு ஆனது? ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதியவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? அம்மா ராத்திரி தூங்குவதில்லை.