ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் முப்பது வீட்டு ஊருக்குக் குடிபோகிறோம்: இருக்க முடியுமா?

யாழினி (கிளாஸ்கோ):

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு அசின்ட் பகுதியில் ஒரு சால்மன் பண்ணையில் படகு எஞ்சின்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் நடுவில் சேர வேண்டும். அங்குள்ள பெரிய ஊரான லாக்கின்வரில் வீடு தேடி அலைந்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் கிளாக்டோலைத் தாண்டி, ஸ்டோர் முனைக்குப் போகும் வழியில் ஒரு குக்கிராமத்தில் வீடு அமைந்தது.

போன வாரம் போய்ப் பார்த்தோம். வழியெல்லாம் பாறையும் குளமும்தான். ஊரில் முப்பது வீடுகள் இருக்கும். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அரை மணி நேரம் நின்றோம். நாயோடு நடந்துபோன ஒரு பெரியவரைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் நான் மதுரையில் பெரிய குடும்பத்தில், எந்நேரமும் வாசலில் யாராவது நிற்கிற தெருவில் வளர்ந்தவள். கிளாஸ்கோவே எனக்குப் பழக மூன்று ஆண்டுகள் ஆயின. மகளுக்கு ஆறு வயது. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்கள். அந்த இருட்டையும் தனிமையையும் எப்படிச் சமாளிப்பது?

அப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இன்னொன்று: வீட்டுக்காரர் மார்ச் முடியும் வரைதான் வாடகைக்கு என்கிறார். பிறகு பேசிக்கொள்ளலாமாம்.

வடகரைச் செவிலி:

யாழினி, வயதில் மூத்தவள் என்ற உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன். ஸ்டோர் பக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் என் வேலை.

நீ இருட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்கு வயிற்றைக் கலக்கியது உன் கடைசி வரி. மார்ச் வரை வாடகை என்றால், ஈஸ்டருக்கு முன்னால் உங்களைக் கிளப்பிவிட்டு அந்த வீட்டை வாரக்கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்போகிறார்கள் என்று பொருள். வடகரையைச் சுற்றிவரும் சாலைக்கு 2015-இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். கோடையில் வரும் கூட்டம் அதன்பின் பெருகிவிட்டது. ஆனால் இந்தப் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. நாங்களே வந்த புதிதில் இரண்டு வசந்தங்கள் மூட்டை கட்டினோம். கோடை முழுக்கக் கேரவனில் குடியிருந்தோம். மகனுடைய பள்ளிப் புத்தகங்கள் ஈரத்தில் ஊதி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஹேர் டிரையரை வைத்து ஒவ்வொரு தாளாக உலர்த்திப் பிரித்த அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன். நீ பார்த்த பூட்டிய வீடுகள் பாழடைந்த வீடுகள் அல்ல. குடியிருக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கிடைக்காத வீடுகள். ஆகவே முதலில் ஆண்டு முழுவதும் இருக்க எழுத்தில் உறுதி வாங்கு. மற்றதெல்லாம் பிறகு.

இனி இருட்டு. டிசம்பர் கடைசியில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும், மூன்றரை மணிவாக்கில் போய்விடும். உண்மைதான். ஆனால் அந்தச் சில மணி நேர வெளிச்சம் தரையோடு தரையாகச் சாய்ந்து வரும். வானம் தெளிந்த ஒரு நாளில் உன் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைப் பார். கோடையில் வெறும் புல்லாகத் தெரிகிற இடம், சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிவரியாக எழுந்து நிற்கும். அவை பாத்திகள். அந்தக் காலத்தில் கடற்பாசியைக் கூடையில் சுமந்து வந்து மண்ணோடு சேர்த்து மேடுகட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். சில பாத்திகள் மாடுகூட ஏறத் தயங்குகிற சரிவில் இருக்கின்றன. அவ்வளவு கெட்ட நிலத்தில் எதற்காகப் பயிர் வைத்தார்கள் என்று முதல் குளிர்காலத்தில் நோயாளி ஒருவரிடம் கேட்டேன். தொண்ணூறு வயதைத் தொட்ட கிழவி. "நல்ல நிலத்தில் ஆடு நின்றது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். 1810-களில் இங்குள்ள நிலத்தையெல்லாம் வைத்திருந்த சதர்லேண்ட் பிரபுக் குடும்பத்தின் எஸ்டேட் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் இருந்த குடும்பங்களைக் காலிசெய்துவிட்டு அங்கே செம்மறி ஆடுகளை விட்டது. மக்கள் இந்தக் கரைக்குத் தள்ளப்பட்டார்கள். பலர் கப்பலேறிவிட்டார்கள். கிளாக்டோலில் பிறந்த நார்மன் மெக்லியோட் என்ற போதகர் 1817-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு தம் கூட்டத்தாரோடு மறுபடியும் கப்பலேறி, ஆஸ்திரேலியா வழியாக நியூசிலாந்தின் வைப்பு என்ற ஊரில் போய்க் குடியேறினார். கிளாக்டோலில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. நீ அரை மணி நேரம் நின்று பார்த்த அந்த வெறுமையை இயற்கையின் அமைதி என்று எண்ணிவிடாதே. அது மனிதர் செய்த வேலை.

அதே மண்ணைத் திரும்ப வாங்கியவர்களும் இந்தக் கரைக்காரர்கள்தான். இந்த நிலத்தை வைத்திருந்த ஸ்வீடன் நாட்டு நிறுவனம் திவாலானபோது ஏழு துண்டாக விற்கப் பார்த்தார்கள். இங்குள்ள பதின்மூன்று ஊர்களின் கிராஃப்டர்கள், அதாவது சிறு குத்தகை உழவர்கள், ஒன்றுகூடிப் பணம் திரட்டினார்கள். சுமார் 21,000 ஏக்கர், விலை 3 லட்சம் பவுண்டு. 1993 பிப்ரவரியில் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள எக் (Eigg) தீவு மக்கள் இதேபோல் தங்கள் தீவை வாங்கியது அதற்கு நாலு ஆண்டுகள் கழித்துத்தான். கிராஃப்டர் என்ற சொல்லை நீ தினமும் கேட்பாய். வீட்டை ஒட்டிச் சிறு துண்டு நிலம், அதோடு ஊர்ப் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு, இவை இரண்டும் சேர்ந்தது கிராஃப்ட். 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் எஸ்டேட் நினைத்த மாத்திரத்தில் அவர்களை எழுப்பிவிட முடியாமல் போனது. நாயோடு நடந்த பெரியவரைச் சொன்னாயே, அவர் ஆடு பார்க்கப் போய்க்கொண்டிருந்திருப்பார்.

குளிரைவிடக் காற்றுதான் இங்கே ஆளைப் படுத்தும். கடலோரம் என்பதால் பனி வந்தாலும் அதிகம் தங்காது. காரை எப்போதும் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்து. பின்பக்கமாகக் காற்று அடிக்கும்போது கதவைத் திறந்தால் கீல் வளைந்துவிடும், எனக்கு ஆகியிருக்கிறது. மின்சாரம் போகும். அடுப்பு விறகிலோ கேஸிலோ எரிகிறதா என்று பார்த்துக்கொள். அந்தி வேளையில் மான்கள் சாலைக்கு இறங்கும், மெதுவாகப் போ. மிட்ஜ் பூச்சி மே கடைசியில் தொடங்கும். எள்ளைவிடச் சிறியது, கூட்டமாக வந்து பிடுங்கும். காற்று வீசினால் இருக்காது.

பனிமலை:

செவிலி அம்மா சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் மறுபக்கத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நாங்கள் இன்னும் வடக்கே இப்படி ஓர் ஊரில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். ஊர்க்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதுதான் காரணம். நான் வேலைக்குப் போனால் அவர் வீட்டோடு கிடந்தார். பால் வாங்கக்கூட என்னையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் தொலைவில் உள்ள இன்வர்னஸ் நகரத்துக்குத்தான் போக வேண்டும். வலி எடுத்தால் என்ன செய்வது என்று கடைசி மாதம் முழுவதும் தூங்கவில்லை. சகோதரி, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றால் கிளாஸ்கோவிலேயே கற்று உரிமம் வாங்கிவிட்டுப் போங்கள். இரண்டாவது குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

ராஜன் (இன்வர்னஸ்):

வாடகை பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டுவசதி ஆலோசனை என் தொழில். ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தனியாரிடம் வாடகைக்கு எடுத்து, அதையே உங்கள் முக்கிய வீடாகக் கொண்டு வாழ்ந்தால், பொதுவாக அந்த வாடகைக்கு முடிவுத் தேதி கிடையாது. 'மார்ச்சோடு முடிந்தது' என்று தேதியைக் காட்டி வெளியேற்ற முடியாது; சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று வேண்டும். விடுமுறைக்காக விடப்படும் வீடு இதில் அடங்காது. சிலர் குளிர்கால வாடகையையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொடுப்பது இதனால்தான். காகிதத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாழினி (கிளாஸ்கோ):

மூவருக்கும் நன்றி. காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'விடுமுறைக் குடியிருப்பு' என்றுதான் இருக்கிறது! கணவர் இன்று வீட்டுக்காரரிடம் பேசினார். ஆண்டு முழுவதும் தங்குவதாக உறுதி சொன்னால் மாற்றி எழுதித் தருவதைப் பற்றி யோசிக்கிறேன் என்றாராம். கார் ஓட்டத் தெரியும், ஆனால் அந்த ஒற்றைத்தடச் சாலையை நினைத்தால் கை நடுங்குகிறது.

அக்கா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் ஊரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் எழுதினீர்கள். மனிதர்களைப் பற்றி எழுதவில்லை. நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா? மகளுக்குத் துணை கிடைக்குமா?

வடகரைச் செவிலி:

யாழினி, அந்தச் சாலைக்கு மூன்றே விதிகள்தான். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதே. பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி வழிவிடு. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். எதிரே வருகிறவர் ஒதுங்கினால் கையைத் தூக்கு. ஒரு மாதத்தில் யார் கையைத் தூக்குகிறார் என்று வண்டியைப் பார்த்தே சொல்லிவிடுவாய்.

பனிமலை சொன்னதை நான் மறுக்க மாட்டேன். பெரிய மருத்துவமனை இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். லாக்கின்வரில் டாக்டர் இருக்கிறார், கடை, பெட்ரோல், தொடக்கப்பள்ளி இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிக்கு உல்லாபூல் போக வேண்டும். லாக்கின்வர் பத்துக் கிலோமீட்டர்தான் என்றாலும் மேடும் வளைவுமாக இருபது நிமிடத்துக்குக் குறையாது. வகுப்பில் உன் மகளோடு விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கூடுதலாக வருவது இங்கே எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குப் போகப்போகத் தெரியும்.

மனிதர்களைப் பற்றிக் கேட்டாய். முதல் ஆண்டு யாரும் என் வீட்டுக்கதவைத் தட்டவில்லை. ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து அழுதேன். ஜூலையில் ஒரு நாள் ஊர் ஆடுகளையெல்லாம் குன்றிலிருந்து இறக்கி மயிர் கத்தரிக்கப் பட்டிக்குக் கொண்டுவந்தார்கள். நான் சாலையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கதவைப் பிடி" என்றார். பிடித்தேன். தாய் ஆட்டை இந்தப் பக்கமும் குட்டியை அந்தப் பக்கமுமாகப் பிரித்துவிட ஒற்றைக் கதவுதான். ஒவ்வொன்றாக ஓடி வரும்போது கண நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். முதல் மணி நேரம் தப்புத்தப்பாகத் திறந்தேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தப்பிப் போன ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி விட்டார்கள். கை முழுக்க ஆட்டுமயிரின் பிசுக்கு. மாலையில் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு வாளி நண்டு இருந்தது, இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்து மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட நான் தனியாக இருந்ததாக நினைவில்லை. மின்சாரம் போனால் முதலில் வரும் டார்ச் வெளிச்சம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிறு மகளைக் கிளாக்டோல் கரைக்குக் கூட்டிப் போ. கடலோரத்தில் வட்டக் கற்கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தீப்பிடித்துச் சரிந்தது. 2017-இல் தோண்டியபோது உள்ளே கல் உரல் கிடைத்தது, குழியில் கருகிய தானியத்தோடு. குத்திக்கொண்டிருந்தவள் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் அதைக் கேள்விப்பட்ட நாளில் பாட்டி வீட்டு உரல் ஞாபகம் வந்து வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் காகிதத்தை மாற்றித் தந்ததும் எழுது. நவம்பரில் கிடாய்களை விடுவதற்கு முன்னால் ஆடுகளை ஒருமுறை இறக்குவார்கள். நீங்கள் வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மகளுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வை, உனக்கும்தான். கதவுக்கு எப்போதும் ஓர் ஆள் குறைகிறது.