தெம்பனிஸ் ஆற்று முகத்தில் மீன் கடிக்காத ஒரு பிற்பகல்

சென்ற மாதம் அட்டமிக்கு மறுநாள், சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் தெம்பனிஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, மீன்பிடிக்க அனுமதி உள்ள கரைப் பகுதியில் மதியம் முதல் பொழுது சாயும்வரை தூண்டில் போட்டேன். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. மீன் கிடைத்த நாளின் படத்தை நாம் எல்லாரும் மகிழ்ச்சியோடு பகிர்கிறோம். கிடைக்காத நாளில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை எழுதிவைப்பவர்கள் மிகக் குறைவு. கொடுவா மீனைத் தேடிப் போகும் ஒருவருக்கு அந்தக் குறிப்புத்தான் அதிகம் உதவும் என்று நம்புவதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரைக்கு உயிர் இறால் வாங்கிச் சென்றிருந்தேன். சிறிய ஈயக் குண்டு, மெல்லிய பின்னல் நூல், அதன் நுனியில் ஒரு முழத்துக்கும் சற்று நீளமான லீடர், அதாவது தூண்டில் முள்ளைக் கட்டும் முன்நூல். வழக்கமாகக் கொடுவா இரை எடுக்கும் அமைப்பு இதுவே. அன்றோ, போட்ட இறால் நண்டுகளால் கிள்ளப்பட்டுத் தலையில்லாமல் திரும்பி வந்தது, அல்லது போட்டபடியே வந்தது. மடவைகள் மட்டும் அவ்வப்போது நீருக்கு மேலே துள்ளின. மடவை துள்ளுவதைக் கண்டு மீன் நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. சேற்றுப் படிவையும் பாசியையும் மேயும் அந்த மீன் இறாலைத் தேடி வருவது அரிது.

நான்கு மணி வாக்கில் ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் கோலுடன் வந்து அருகில் அமர்ந்தார். ஆனால் கோலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "பாக்சிக் (மாமா), நீங்கள் போடவில்லையா?" என்று மலாயில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், கரையில் கிடந்த ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி நீரில் போட்டுவிட்டு, அதைப் பார்க்கும்படி கை காட்டினார். வெகுநேரம் கழித்தும் இலை போட்ட இடத்தைவிட்டு ஓரடி தூரம்கூட நகரவில்லை. பிறகு விரலை நீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, தண்ணீருக்கு இன்று நடையும் இல்லை, உப்பும் இல்லை. மீன் எதற்காக இங்கே வந்து நிற்க வேண்டும்?" என்றார். அவர் 'அடிக்' என்று அழைத்ததைத்தான் தம்பி என்று எழுதியிருக்கிறேன்; அந்தக் குரலில் அவ்வளவு பரிவு இருந்தது.

அவர் காட்டிய இரண்டையும் வீட்டுக்கு வந்து, கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சிங்கப்பூர்க் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். சந்திரன் பாதியாகத் தெரியும் அட்டமியை ஒட்டிய நாள்களில், சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் ஏறத்தாழச் செங்குத்தான திசைகளில் இழுப்பதால், அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆற்று முகத்தில் கொடுவா மீன் ஓடித் திரிந்து வேட்டையாடுவதைவிட, பாலத் தூண், பாறை, கண்டல் வேர் ஆகியவற்றின் மறைவில் நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இறாலையும் சிறு மீனையும் விழுங்குவதையே விரும்பும். ஓட்டம் நின்றால் அந்த மறைவிடத்துக்கு எந்த இரையும் வந்து சேராது.

உப்பைப் பற்றி அவர் சொன்னதற்குக் காரணம் அன்று விடியற்காலையில் வீசிய சுமத்ரா சூறைக்காற்றும் அதனோடு கொட்டிய மழையும். நம் நகரத்து மழைநீர் கான்கிரீட் கால்வாய்கள் வழியாக விரைந்து ஆற்றில் இறங்குகிறது. நன்னீர் எடை குறைவானது என்பதால் கடல்நீரின் மேல் கலங்கிய படலமாக மிதக்கிறது. ஓட்டம் வலுவாக இருந்தால் இரண்டும் விரைவில் கலந்துவிடும், இல்லாவிட்டால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். கொடுவா நன்னீரிலும் வாழக்கூடிய மீன் என்பதால், உப்புக் குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அது உண்ணும் சிறு உயிர்கள் கலங்கல் நீரைவிட்டு விலகிவிடுவதும், ஓட்டம் இல்லாததும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன என்பதே என் முடிவு.

பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது, இளமையில் தாம் மீன் பிடித்த ஆற்று முகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றில் பல இன்று நீர்த்தேக்கங்கள். மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டது. பொங்கோல், சிராங்கூன் ஆறுகள் 2011இல் நீர்த்தேக்கங்களாயின. இந்தத் தீவுக்குக் குடிநீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நான் அறிவேன், அந்த முடிவுகளைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆயினும் கொடுவாயின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். உப்பு நீரில் முட்டையிலிருந்து வெளிவந்து, குஞ்சாகக் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறி, ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறி, முட்டையிட மீண்டும் உப்பு நீருக்கு வரும் மீன் அது. அதற்குக் கடலும் ஆறும் தடையில்லாமல் தொட்டுக்கொள்ளும் வாசல் வேண்டும். தெம்பனிஸ் ஆறு, அப்பி அப்பி ஆறு போன்ற, ஓதம் ஏறி இறங்கும் சில ஆறுகளே நம்மிடம் எஞ்சியுள்ளன. 2015இல் மிதவை நுண்ணுயிர்கள் பெருகியபோது இதே பாசிர் ரிஸ் கரையில் செத்து ஒதுங்கிய மீன்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தக் கரையை ஒட்டிய கிழக்கு ஜோகூர் நீரிணை எவ்வளவு எளிதில் நலம் குன்றும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே அளவில் சிறிய கொடுவா சிக்கினால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள் என்றும், அறுந்த நூலைக் கண்டல் வேர்களில் விட்டுவராதீர்கள் என்றும் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, பௌர்ணமிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, முந்திய இரவில் மழை இல்லாவிட்டால், ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அதே இடத்தில் போட்டுப் பார்க்க எண்ணியிருக்கிறேன். பாக்சிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டிசம்பர், ஜனவரி மாதங்களின் தொடர் மழையில் இந்த ஆற்று முகத்தில் மீன் பிடித்தவர்கள் யாரேனும் இருந்தால், மழை ஓய்ந்து எத்தனை நாளில் நீர் தெளிந்தது என்பதையும் அன்றைய திதியையும் சேர்த்து எழுதுங்கள்.