புதுப்பிப்பு: அம்மா கனடா போய்ச் சேர்ந்தார்

ஹட்டனிலிருந்து அம்மாவைத் தனியாகக் கனடாவுக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பலாமா, சுப்பர் விசா (அங்குள்ள பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் விசா) நல்லதா, சாதாரண விசிட் விசா போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அம்மா சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாதாரண விசாதான் எடுத்தோம். சுப்பர் விசாவில் ஒரே தடவையில் 5 வருடம் வரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1 இலட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். அம்மாவின் வயதுக்கும் சீனி வருத்தத்துக்கும் அது கட்டுப்படியாகாது. சாதாரண விசாவில் வழக்கமாகக் கிடைக்கும் 6 மாதமே அவருக்கு அதிகம். தைப்பொங்கலுக்கு இங்கே இருக்க வேண்டுமாம்.

சக்கர நாற்காலியை டிக்கட் போடும்போதே கேட்டுவிடுங்கள். "கொழுந்துக் கூடையோடு மலை ஏறினவள், எனக்கு எதுக்கு வண்டி?" என்று ஒரே சண்டை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நீண்ட வரிசையைக் கண்டதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்!

மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்தோம். தங்கச்சியின் விலாசத்தையும் ஃபோன் நம்பரையும் ஆங்கிலத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் செருகினேன். விமானம் மாறும் இடத்தில் அந்தத் துண்டைக் காட்டியே சமாளித்தாராம்.

அப்புறம், தேயிலைத் தூள் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: கடைப் பைக்கட்டைப் பிரிக்காமல் கொண்டுபோனார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.