புதுப்பிப்பு: மகனைப் பொது வகுப்பில் சேர்த்த பிறகு

ஆட்டிசம் உள்ள என் மகனை இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ப்பதா, சிறப்பு வகுப்பிலேயே விடுவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பொது வகுப்பில் சேர்த்துவிட்டோம். முதல் மூன்று வாரம் சொல்லி மாளாது. மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான், ஆசிரியருக்கோ முப்பது பேரைப் பார்ப்பதா இவனைப் பார்ப்பதா என்ற நிலை.

வெறுமனே கூட உட்கார வைப்பது போதாது என்பது அப்புறம்தான் உறைத்தது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவே பொதுக் கல்வியோடு தேவையான ஆதரவையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கேட்டு வாங்கினோம்: அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் பட அட்டை, சத்தம் குறைக்கும் ஹெட்போன், கணக்கு நேரத்தில் ஒரு உதவி ஆசிரியர். வாசிப்புக்கு மட்டும் தினமும் தனி அறை, அங்கே நாலே பிள்ளைகள்.

தனி அறை என்றாலே ஒதுக்குவதுதான் என்று அன்று என் கேள்விக்கான பதில்களில் சண்டை போட்டவர்களுக்கு: அவன் முதல்முறையாக ஒரு முழுப் பக்கத்தை வாசித்தது அங்கேதான். சரி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இடைவேளையில் இன்னும் தனியாகத்தான் நிற்கிறான். அதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.