போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் தைப்பூசக் கூட்டத்தைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி (மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்கு முந்தைய நாட்களில், போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தைக்கு எலுமிச்சையும் தேங்காயும் பூவும் வாங்க வரும் நம் மக்களைப் படமெடுக்க விரும்புகிறேன். விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள் பொறித்த இரும்பு வாயிலைக் கடந்து உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடுவதால், முகங்கள் இருண்டும் வாயிற்புறம் வெளுத்தும் போகின்றன. சில படங்களில் குறுக்கே கருங்கோடுகளும் விழுகின்றன. விரதம் இருப்பவர்களின் மனம் நோகாமல் எடுக்கும் முறையையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
கோடுகளுக்குக் காரணம் விளக்குகள்தான். மொரீஷியஸின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகளின் ஒளியும் பல எல்.இ.டி. விளக்குகளின் ஒளியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் கோடு விழாது. அந்த வேகத்தில் எடை போடும் கை சற்றே கலங்கித் தெரியும். அதை நான் குறையாகவே கருதமாட்டேன், சந்தையின் உயிரே அந்த அசைவில்தான் இருக்கிறது. எஃப் 2 வரை அகலத் திறந்து நிறைய ஒளியை உள்ளே விடும் 35 மி.மீ. லென்ஸ் இருந்தால், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600 அல்லது 3200 போதும்.

தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் இங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய நடுவுச்சியில் நிற்பதால், தெரு கண்கூச ஒளிரும்போது கூரையின் அடியில் நிழல் மேலும் கெட்டியாகிவிடும். ஆகவே காலையிலேயே சென்று, வாயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உள்ளே வருபவர்களைவிட, வாங்கி முடித்துப் பையோடு வெளியேறுபவர்களின் முகத்தில்தான் வாயிலின் ஒளி நேராக விழும்.

மறுமொழி 2:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். துணியும் கைவினைப் பொருளும் விற்கும் மேல்தளத்திலிருந்து பார்த்தால் காய்கறிப் பகுதி முழுவதும் தெரியும் என்பதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அங்கிருந்து கிடைப்பவை தலைகளே. காவடிக்கு முன் ஒரு தாய் எலுமிச்சையை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து எடுக்கும் கவனம், கீழே அவர் பக்கத்தில் நின்றால்தான் படத்தில் வரும். அதற்கு முதலில் கடைக்காரரிடம் ஏதாவது வாங்கி, இங்குள்ளோர் பேசும் கிரியோல் மொழியில் இரண்டு வார்த்தை பேசி, அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குழந்தைகளைப் பெற்றோரின் சம்மதமின்றி எடுக்காதீர்கள். நடைவழியை மறிக்காமல் தூணோரம் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பகல் ஒளியும் விளக்கொளியும் கலக்கும் இடத்தில் நிறத்தை எப்படிச் சமன் செய்வது?

மறுமொழி 1:
கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, முகத்தின் நிறம் இயல்பாகத் தெரியும்வரை வெண்சமநிலையை (படத்தின் நிறச்சாயலை) பின்னர் கணினியில் திருத்துங்கள். பின்புலம் சற்று நீலமாகவோ மஞ்சளாகவோ போனாலும் விட்டுவிடலாம்.